கதை இலாகாவில் ஒரு கலைமணி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

சிக்கல் சண்முகசுந்தரத்தை அறியாத தமிழர் உண்டோ? மோகனாவின் சலங்கை ஒலியைக் கேளாத செவி உண்டோ? சவடால் வைத்தியை நினைத்துச் சிரிக்காத வீடுதான் உண்டோ? ஆனால் இவர்களையெல்லாம் படைத்தவர் யார் என்று கேட்டால் நம்மில் பலர் நடிகர்களின் பெயரைச் சொல்வோம்; சிலர் இயக்குநரின் பெயரைச் சொல்வோம். எழுதியவரின் பெயர் எளிதில் நாவில் வருவதில்லை. படைப்பு வாழ, படைத்தவர் மறைந்து நிற்கும் இந்த விந்தைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு கொத்தமங்கலம் சுப்பு அவர்களின் வாழ்க்கை.

எட்டாம் வகுப்பும் மரக்கடையும்

சுப்பிரமணியன் என்னும் இயற்பெயருடைய சுப்பு 1910ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் அன்றைய தஞ்சை மாவட்டத்தில், பட்டுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூராகிய கன்னாரியேந்தலில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளிப்படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. பிழைப்புக்காகச் செட்டிநாட்டுக் கொத்தமங்கலத்துக்குச் சென்று, ஒரு மரக்கடையில் கணக்கு எழுதினார். பிறந்த ஊரை விட்டுவிட்டு, பிழைக்கப் போன ஊரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். வாழ வைத்த மண்ணை மறவாத மனம் அது!

பேரேட்டில் வரவு செலவு எழுதிய அதே கை நாடகத்துக்கு வசனமும் எழுதியது. அரிதாரமும் பூசியது. மேடையிலிருந்து 1930களின் பிற்பகுதியில் நடிகராகத் திரையுலகில் நுழைந்தார். பட்டம் இல்லை, பணம் இல்லை, பரிந்துரைக்கும் பெரிய குடும்பமும் இல்லை. கைமுதலாக இருந்தவை இரண்டே: கிராமத்து மக்கள் பேசும் பேச்சைக் கேட்டு வைத்திருந்த காது, கேட்டதைப் பாட்டாக்கும் நாக்கு.

பெயர் இல்லாப் பெருந்தொழில்

எஸ். எஸ். வாசன் அவர்களின் ஜெமினி நிறுவனம் அக்காலத்தில் ஓர் ஆலை போலவே இயங்கியது. பஞ்சாலையில் நூற்புப் பிரிவு, நெசவுப் பிரிவு என்று இருப்பதுபோல் அங்கே கதை இலாகா என்று ஒன்று இருந்தது. மாதச் சம்பளத்துக்கு எழுத்தாளர் பலர் கூடியமர்ந்து, ஒரே கதையைப் பேசிப் பேசி உருவாக்குவார்கள். எந்த எண்ணம் எவருடையது என்று வெளியே தெரியாது. அந்த இலாகாவின் தூண்களில் ஒருவராகச் சுப்பு விளங்கினார். 1948இல் வெளிவந்து இந்தியா முழுவதும் பேசப்பட்ட ‘சந்திரலேகா’வின் கதையை உருவாக்கியதில் அவருக்கும் பங்கு உண்டு, பாட்டும் எழுதினார்.

இது நம் நாட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. இங்கிலாந்தில் சிறுவர்களுக்கான படக்கதை வார இதழ்கள் இலட்சக்கணக்கில் விற்ற காலத்தில், அவற்றுக்குக் கதை எழுதியவர்களின் பெயரை இதழில் அச்சிடும் வழக்கமே பெரும்பாலும் இல்லை. படிக்கும் சிறுவனுக்கு வீரனின் பெயர் தெரியும். வீரனைப் பெற்றவனின் பெயர் தெரியாது. 1970களின் பிற்பகுதிக்குப் பின்னர்தான் அந்த நிலை மாறத் தொடங்கிற்று. வெகுசனக் கலையில் உழைத்தவர்களுக்கு எங்கும் ஒரே விதிதான் போலும்!

ஆயினும் சுப்பு சோர்ந்துவிடவில்லை. 1945இல் ‘கண்ணம்மா என் காதலி’யை இயக்கினார். 1947இல் ஆர். கே. நாராயண் எழுதிய கதையை ‘மிஸ் மாலினி’ என்ற பெயரில் இயக்கி, அதில் சம்பத் என்னும் எத்தனாகத் தாமே நடித்தார். பின்னாளில் ஜெமினி கணேசன் என்று புகழ்பெற்றவர் சிறு வேடத்தில் முதன்முதலாகத் திரையில் தோன்றியதும் அந்தப் படத்தில்தான்.

கொங்கு மண்ணோடு கொண்ட உறவு

தஞ்சைத் தரணியில் பிறந்தவருக்கும் நம் கொங்கு நாட்டுக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் கேட்கலாம். தொடர்பு ஒன்றல்ல, மூன்று.

முதலாவது, 1953ஆம் ஆண்டு விடுதலை நாளன்று வெளிவந்த ‘ஔவையார்’. அதை இயக்கியவர் சுப்பு. ஔவையாகவே வாழ்ந்து காட்டியவர் காவிரிக் கரையிலுள்ள நம் கொடுமுடி தந்த இசையரசி கே. பி. சுந்தராம்பாள். பாட்டி என்றால் இப்படித்தான் இருப்பாள் என்று தமிழர் மனத்தில் பதிந்த உருவம் அது.

இரண்டாவது, 1960இல் வாசன் இயக்கத்தில் வந்த ‘இரும்புத்திரை’. ஆலை முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே நிற்கும் திரையைப் பற்றிய அந்தப் படத்துக்கு வசனம் எழுதியவர் சுப்பு. சங்கு ஊதும் ஒலியை வைத்து நேரம் பார்த்த ஊர் நம் ஊர். பஞ்சாலையில் ஷிப்டு பார்த்த என் தாத்தா, தமக்குப் பிடித்த படம் என்று கடைசிவரை சொன்னது அதைத்தான். கூலி, போனஸ், வேலைநிறுத்தம் என்ற சொற்கள் திரையில் ஒலித்தபோது, தம் வீட்டுப் பேச்சையே அங்கே கேட்டதாக அவர் சொல்வார்.

மூன்றாவது, சங்ககிரிப் பக்கம் அக்கம்மாபேட்டையில் பிறந்த இயக்குநர் ஏ. பி. நாகராசன். ‘தில்லானா மோகனாம்பா’ளைத் திரைக்குக் கொண்டு வந்தவர் அவரே.

கலைமணியின் தில்லானா

1950களின் பிற்பகுதியில் ஆனந்த விகடனில் ‘கலைமணி’ என்ற புனைபெயரில் சுப்பு இந்தத் தொடர்கதையை எழுதினார். கோபுலு படம் வரைந்தார். வாராவாரம் எழுதும் தொடரின் இலக்கணம் கடுமையானது. கதை முன்னே நகர வேண்டும். அந்த வாரமும் நிறைவாக இருக்க வேண்டும். அடுத்த வாரத்துக்கு ஆவலையும் மிச்சம் வைக்க வேண்டும். இந்த மூன்றையும் செய்துகொண்டே, நாகசுரக் கலைஞரின் செருக்கையும், நாட்டியப் பெண்ணின் தன்மானத்தையும், அவளை விலைபேசத் துடிக்கும் செல்வர்களையும், அவர்களுக்குத் தரகு செய்து வயிறு வளர்ப்பவர்களையும் அவர் எழுத்தில் நிறுத்தினார். சிரிப்பும் கும்மாளமுமாக ஓடும் கதைக்கு அடியில் ஒரு கேள்வி கிடக்கிறது: கலைஞனின் கலையைப் போற்றும் ஊர், கலைஞனை மனிதனாக மதிக்கிறதா?

1968இல் படம் வந்தது. மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாகசுரம் திரையரங்குகளில் முழங்கியது. கதையின் உரிமை வாசனிடம் இருந்தது. அதற்காக நாகராசன் கொடுத்த தொகையை வாசன் சுப்புவுக்கே கொடுத்துவிட்டார் என்றும், பின்னர் நாகராசன் தனியே பணம் கொண்டுவந்தபோது சுப்பு அதை ஏற்க மறுத்துவிட்டார் என்றும் சொல்வார்கள். ஒரே பொருளுக்கு இருமுறை விலை வாங்கலாகாது என்பது மரக்கடைக் கணக்கர் கற்ற பாடமாக இருக்கலாம். அவரது ‘ராவ் பகதூர் சிங்காரம்’ நாவலும் 1970இல் ‘விளையாட்டுப் பிள்ளை’ என்ற படமாயிற்று.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களை அவர் மறக்கவில்லை. காந்தியடிகளின் வரலாற்றைப் பாட்டாக்கி ‘காந்தி மகான் கதை’ என்று வில்லுப்பாட்டாகத் தாமே பாடினார். நம் பக்கத்தில் உடுக்கடித்து அண்ணன்மார் கதை பாடுவதைக் கேட்டவர்களுக்கு இதன் அருமை விளங்கும். ஏடு எட்டாத இடத்துக்கும் பாட்டு எட்டும்.

எது இலக்கியம்?

இந்திய அரசு 1971இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1974 பிப்ரவரி 15ஆம் நாள் அவர் மறைந்தார். ஆனால் தமிழ் இலக்கிய வரலாறு என்று எழுதுவோர் பலர் அவருக்கு ஒரு வரிக்கு மேல் ஒதுக்குவதில்லை. பத்திரிகைத் தொடர், சினிமா வசனம், சம்பளத்துக்கு எழுதியது என்று மூன்று குறைகள் சொல்லப்படுகின்றன. புதுமைப்பித்தனுக்குரிய ஆசனத்தில் சுப்புவை உட்கார வைக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. இரண்டும் வெவ்வேறு தொழில். வைரத்தை நிறுக்கும் தராசில் நெல்லை நிறுக்கக் கூடாது. அதனால் நெல் மதிப்பற்றதாகிவிடாது.

என் பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆனால் மோகனா ஏன் அந்தச் சீமான்களை உதறினாள் என்பதை எனக்கு முதலில் விளக்கிச் சொன்னவர் பாட்டிதான். ஒரு பெண்ணின் தன்மானம் பற்றிய அந்தப் பாடம் அவருக்கு எந்த நூலகத்திலிருந்தும் வரவில்லை. டூரிங் டாக்கீசின் மணல் தரையில் உட்கார்ந்திருந்தபோது வந்தது. எட்டாம் வகுப்பு படித்த ஒருவர் எழுதியது, எழுத்தே அறியாத ஒருவரிடம் சிதையாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. பட்டம் பெறப்போகும் நாம் நாளை எழுதுவது அவ்வாறு எத்தனை பேரிடம் போய்ச் சேரும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

நண்பர்களே! நம் நூலகங்களில் ‘தில்லானா மோகனாம்பாள்’ நூலாகக் கிடைக்கிறது. படம் பார்த்தவர்கள் ஒருமுறை அதைப் படியுங்கள். முடித்தபின் யாரேனும் எழுதியவர் யார் என்று கேட்டால், தயங்காமல் சொல்லுங்கள்: கலைமணி என்னும் கொத்தமங்கலம் சுப்பு.