அண்டிரிக் அடிகளாரும் பாவ அறிக்கையும்

தன் தீர்ப்புப் பிழையானது என்றுணர்ந்த கணத்திலேயே அரியணையில் வீழ்ந்து உயிர்நீத்தான் பாண்டியன் நெடுஞ்செழியன். அவனுக்குப்பின், கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டுக் கண்ணகியின் சினம் தணித்தான். அரசனின் குற்றம் தீரச் சிலப்பதிகாரம் காட்டும் இவ்விரு வழிகளும் சாவிலேயே முடிகின்றன. அக்கொற்கைக்கு அண்மையில், பொருநை கடலொடு கலக்கும் புன்னைக்காயலில் வாழ்ந்த துறவி ஒருவர், குற்றம் செய்தவர் உயிரோடிருந்தே அதனின்றும் மீளும் கத்தோலிக்க நெறியைத் தமிழில் எழுதி அச்சேற்றினார். அவரே அண்டிரிக் அடிகளார். தமிழ் அச்சு வரலாற்றில் அவர் பெயர் நன்கு அறியப்பட்டதே. ஆயினும், அவர் அச்சிட்ட நூல்களுள் ஒன்று குற்றவுணர்வைப் பற்றியது என்பது போதிய கவனம் பெறவில்லை.

1520ஆம் ஆண்டு போர்த்துக்கல் நாட்டு விலா விசோசாவில் பிறந்தவர் அடிகளார். அவர்தம் முன்னோர் யூதர். பின்னர்க் கிறித்தவம் தழுவியவர்கள். இளமையில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்த அவர், யூதக் குருதி வழிவந்தவர் என்பதனால் அங்கிருந்து விலக நேர்ந்தது. ஆதாம் வழியாக வரும் சென்மப் பாவமும் ஞானஸ்நானத்தால் நீங்கிவிடும் என்பது திருச்சபையின் போதனை. அப்போதனையை ஏற்றவர்களே, ஞானஸ்நானம் பெற்ற ஒரு குடும்பத்தின் பழைய குலத்தை மன்னிக்க மறுத்தனர். தம் நெஞ்சம் அறியாத, தம் கை செய்யாத ஒன்றுக்காக அடிகளார் தண்டனை பெற்றார். 1545இல் இயேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டே இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

முத்துக்குளித்துறைப் பரதவர் 1536ஆம் ஆண்டையொட்டித் திரளாகக் கிறித்தவம் தழுவியிருந்தனர். 1542இல் வந்த சவேரியார் அவர்களுக்குச் செபங்களை மனப்பாடம் செய்வித்தார். செபத்தை மனப்பாடமாகச் சொல்லலாம். பாவத்தைச் சொல்ல இயலுமா? அவரவர் பாவத்தை அவரவரே தம் சொல்லால் சொல்ல வேண்டும். குருவுக்குத் தமிழ் தெரியாதவிடத்து இடையில் ஒரு துபாசி நிற்க வேண்டும். உறவும் பகையும் பின்னிக் கிடக்கும் ஒரு கடற்கரை ஊரில், மூன்றாமவர் செவிபட எவர்தாம் மனந்திறப்பர்? அடிகளாரும் தொடக்கத்தில் துபாசியின் துணையையே நாடினார். பின்னர் முனைந்து தமிழ் கற்றார்; போர்த்துக்கீசிய மொழியில் தமிழுக்கு ஓர் இலக்கணமும் எழுதினார். கையெழுத்துப் படியாகவே நெடுங்காலம் கிடந்த அவ்விலக்கணம் 2013இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளிவந்தது.

ஆண்டுக்கொரு முறையேனும் பாவ அறிக்கை செய்தல் வேண்டும் என 1215ஆம் ஆண்டின் இலாத்தரன் பொதுச்சங்கம் விதித்திருந்தது. அடிகளார் புன்னைக்காயல் கரையில் பணியாற்றிய காலத்திலேயே, 1551இல், திரிதெந்துப் பொதுச்சங்கம் அவ்விதியை மேலும் இறுக்கியது. சாவான பாவங்களை வகை பிரித்து, சூழ்நிலையோடு, ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும் என்றது. செயல் கனமானதாக இருத்தல், அறிந்து செய்தல், விரும்பி இசைதல் ஆகிய மூன்றும் கூடினாலன்றிச் சாவான பாவமில்லை என்பது கத்தோலிக்க அறநூலார் துணிபு. வருந்துதல், வாய்விட்டுச் சொல்லுதல், ஈடு செய்தல் என்னும் மூன்றும் மீள்வோனின் கடமைகள். திருடியவன் அழுதால் மட்டும் போதாது. பொருளைத் திருப்பித் தரவும் வேண்டும். அஞ்சி நடுங்குவதற்கும் மனம் வருந்துவதற்கும் வேறுபாடு உண்டு. இந்நெறியைக் கைக்கொண்டோர் பலர் அச்சத்திலேயே நின்றுவிட்டதும் உண்மையே.

அடிகளார் கொல்லத்தில் 1578இல் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கங்களைக் கொண்டது. மறு ஆண்டு கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ வெளிவந்தது. 1580இல் அங்கேயே வெளிவந்தது ‘கொம்பெசியொனாயரு’. பாவ அறிக்கைக்கு ஒருவர் தம்மை ஆயத்தம் செய்துகொள்ள உதவும் கையேடு இது. இந்நூலுக்குத் தமிழில் ஒரு பெயரிடவும் அவருக்கு அன்று சொல் வாய்க்கவில்லை போலும்! நம் சேந்தமங்கலம், சேலம் பகுதிகளுக்கு 1623இல் வந்த தத்துவ போதகர் வடசொற்களை மிகுதியும் கையாண்டார். அவ்வழக்குப் பரவிய காலத்தே ‘பாவசங்கீர்த்தனம்’ நிலைபெற்றது. புகழ்ந்து பாடுதலைக் குறித்த சங்கீர்த்தனம், பழியைச் சொல்லுதலுக்கு ஆகிவந்தது வியப்பே. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின் ‘ஒப்புரவு’ வழக்கிற்கு வந்தது. வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே தலைப்பாக்கிய அச்சொல், உலகத்தோடு பொருந்தி வாழ்தலையும் நினைவூட்டுவதால் மூன்றினுள் இதுவே சிறந்தது.

1593இல் இயேசு சபையின் பொதுப்பேரவை, யூத வழியினர் எவரையும் இனிச் சேர்ப்பதில்லை என்று விதித்தது. அவ்விதி முற்றிலும் நீங்க 1946ஆம் ஆண்டு வரை செல்ல வேண்டியிருந்தது. அவ்விதி பிறந்தபோது எழுபத்து மூன்று வயது நிரம்பிய அடிகளார், முத்துக்குளித்துறையிலேயே தம் பணியில் இருந்தார். 1600ஆம் ஆண்டு காலமானார். அவருடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பெற்றது.