ஓயாது வேண்டிய ஐடா அம்மையார்

வேண்டுதல் என்றவுடன் கைகூப்பிக் கண்மூடி நிற்கும் உருவமே நம் மனக்கண்ணில் தோன்றுகிறது. ஆனால் இயேசுபிரான் கூறிய உவமையொன்றில் வரும் விதவையோ, நீதி கிடைக்கும்வரை நடுவரிடம் ஓயாது நடந்தவள். சோர்ந்துபோகாமல் ஜெபிக்க வேண்டும் என்பதற்குக் கிறித்தவர்கள் அவளையே எடுத்துக்காட்டுகின்றனர். நான் கிறித்தவள் அல்லேன். எனினும் அவ்வுவமையின் பொருளை எனக்கு விளங்கவைத்தது, நம் வாலாஜாபேட்டைக்கு அருகிலுள்ள இராணிப்பேட்டையில் பிறந்த டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்க்கை.

1870 டிசம்பர் 9-ஆம் நாள் பிறந்த ஐடாவின் பாட்டனார், 1819-இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவ ஊழியர். தந்தையாரும் மருத்துவரே. ஆயினும், சிறுவயதில் பஞ்சத்தின் கொடுமையைக் கண்ட ஐடாவுக்கு இம்மண்ணில் ஊழியம் செய்யும் எண்ணமே இல்லை. தாயாரின் நோய் காரணமாக 1890-இல் திண்டிவனம் வந்தபோதும், விரைவில் அமெரிக்கா திரும்பவே விரும்பினார்.

ஓர் இரவு அவரது எண்ணத்தை மாற்றியது. பேறுகால வேதனையில் துடிக்கும் தம் மனைவியைக் காப்பாற்றுமாறு ஒருவர்பின் ஒருவராக மூவர் வந்தனர். அவர்களில் ஒருவர் பிராமணர், ஒருவர் இசுலாமியர். ஐடாவோ மருத்துவம் கற்றவரல்லர். தந்தையாரை அழைத்துச் செல்லுமாறு வேண்டினார். ஆண் மருத்துவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொடுவதற்கு மூவரும் இசையவில்லை. ஐடா அன்றிரவு உறங்கவில்லை, அழுதார், ஜெபித்தார். விடிந்ததும் கேட்டது சாவுப்பறை. மூன்று பெண்களும் இறந்துவிட்டனர்.

வேண்டியது கிடைக்கவில்லையே என்று அவர் ஜெபத்தைக் கைவிட்டாரா? இல்லை. மருத்துவம் கற்கத் துணிந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1899-இல் பட்டம் பெற்று, மருத்துவமனைக்கு வேண்டிய நன்கொடையையும் திரட்டிக்கொண்டு 1900-இல் வேலூர் வந்தார். வந்த சில மாதங்களிலேயே தந்தையார் மறைந்தார். வழிகாட்ட ஆளில்லை, தொடக்கத்தில் நோயாளிகளும் தயங்கினர். அவர் தளரவில்லை. வீட்டின் சிற்றறையிலேயே வைத்தியம் தொடங்கினார். 1902-இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. மருத்துவமனைக்கு வர இயலாதோரை நாடிக் குடியாத்தம் சாலையோர மரநிழல்களுக்கே மருந்துடன் சென்றார்.

தாம் ஒருவர் போதாது என்றுணர்ந்து, 1909-இல் செவிலியர் பள்ளியையும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். பெண்கள் தேறுவார்களா என்று ஐயுற்றோர் பலர். முதலாண்டுத் தேர்வை எழுதிய மாணவியர் அனைவரும் தேறினர்!

பெருஞ்சோதனை முதுமையில் வந்தது. பட்டயப் படிப்பை நிறுத்தி, எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயர்த்த வேண்டும் என அரசு பணித்தது. உயர்த்தாவிடில் பள்ளியை மூட நேரிடும். எழுபது வயதைக் கடந்த அம்மையார் 1941-இல் மீண்டும் அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி கேட்டார். 1942-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கிடைத்தது. 1947-இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். அதுவே இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரி. 1960 மே மாதம் அம்மையார் கொடைக்கானலில் மறைந்தார்.

தோழியரே! அன்றிரவு அவர் வேண்டியது மூன்று உயிர்களுக்காக. அவ்வேண்டுதலை அவர் ஐம்பதாண்டுகளுக்கு மேல் விடவில்லை. முழந்தாளில் தொடங்கிய ஜெபத்தைக் காலால் நடந்தும் கையால் உழைத்தும் தொடர்ந்தார். மதிப்பெண்ணுக்காகத் தேர்வன்று மட்டும் கடவுளை அழைக்கும் நமக்கு, அவர் வாழ்வு சொல்லும் பாடம் இதுவே: கேட்பதை நிறுத்தாதே, கேட்டதற்காக உழைப்பதையும் நிறுத்தாதே!