பாரீஸ் ஓட்டல்காரர்களை நடுங்க வைத்த நாக்கு

1783-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி இரவு. பாரீஸ் நகரில் உள்ள ஒரு பெரிய மாளிகையில் விருந்து நடந்தது.

அழைப்பிதழைப் பார்த்தபோதே பலர் திடுக்கிட்டார்கள். அது சாவு ஓலை போல் இருந்தது. சுற்றிலும் கறுப்புக் கரை! உள்ளே போனவர்களுக்கு மேலும் அதிர்ச்சி. சாப்பாட்டு மேஜையின் நடுவில் சவப்பெட்டி வைக்கும் மேடை போல் ஒன்று அலங்கரிக்கப்பட்டு இருந்தது. அதைச் சுற்றி உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். மேலே ஒரு கூட்டம் நின்று, அவர்கள் சாப்பிடுவதை வேடிக்கை பார்த்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கும் தனி அழைப்பு அனுப்பப்பட்டு இருந்தது!

விருந்து கொடுத்தவர் 24 வயது வாலிபர். தொழில், வக்கீல். பெயர் கிரிமோ தெ லா ரெய்னியேர். சுருக்கமாக கிரிமோ.

பாரீஸ் முழுவதும் மறுநாள் இதே பேச்சு. பையனுக்குப் பைத்தியம் என்றார்கள் சிலர். பணத்திமிர் என்றார்கள் சிலர். இந்த வாலிபர்தான் பிற்காலத்தில், ஓட்டல் சாப்பாட்டையும் மதுவையும் ருசி பார்த்துத் தீர்ப்பு எழுதும் வழக்கத்தையே தொடங்கி வைக்கப் போகிறார் என்று அன்று யாரும் நினைக்கவில்லை.

விரல் இல்லாத குழந்தை

கிரிமோ 1758-ம் ஆண்டு நவம்பர் 20-ந் தேதி பிறந்தார். தந்தை பெரிய கோடீசுவரர். மன்னருக்காக வரி வசூலிக்கும் குத்தகைதாரர்களில் ஒருவர். பாரீஸ் நகருக்குள் வரும் ஒவ்வொரு பீப்பாய் திராட்சை மதுவுக்கும் இந்தக் குத்தகைதாரர்கள் வரி வாங்கினார்கள். ஏழை குடிக்கும் மட்டமான மதுவுக்கும் வரி உண்டு. ஆகவே ஊரில் அவர்கள் மீது அளவில்லாத வெறுப்பு. தாயார் உயர்ந்த பிரபுக் குடும்பத்தில் பிறந்த சீமாட்டி.

இவ்வளவு செல்வம் இருந்தும் குழந்தையைப் பார்த்து அந்த வீடு மகிழவில்லை. காரணம், குழந்தையின் இரண்டு கைகளும் ஊனமாக இருந்தன. விரல்கள் சரியாக உருவாகவில்லை.

பிறவியிலேயே இப்படி என்று சொல்ல அந்தக் குடும்பத்துக்கு வெட்கம். குழந்தை தவறிப் பன்றிக் கூட்டில் விழுந்துவிட்டது, பன்றிகள் விரல்களைத் தின்றுவிட்டன என்று வெளியே கதை கட்டினார்களாம். ஊனத்தைவிட இந்தப் பொய் அந்தப் பிள்ளையை அதிகம் வருத்தி இருக்க வேண்டும். பிற்காலத்தில் அவர் செய்த கோமாளித்தனங்களில் பாதி, பெற்றோரை ஊர் நடுவே வெட்கப்பட வைப்பதற்காகச் செய்தவை போலவே இருக்கின்றன.

அவருக்குப் பொறி வைத்த செயற்கை விரல்கள் செய்து கொடுத்தார்கள். அவற்றின்மேல் வெள்ளைக் கையுறை. அந்தக் கைகளைக் கொண்டே எழுதப் பழகினார். படம் வரைந்தார். மேஜையில் இறைச்சியை அறுத்துப் பரிமாறவும் கற்றுக்கொண்டார்.

மடத்துச் சாப்பாடு

1786-ல் ஒரு வழக்கில், ஒரு கவிஞரைத் தாக்கி அவர் எழுதிய அறிக்கை பெரிய ரகளையாகிவிட்டது. பெற்றோர் பொறுத்தது போதும் என்று முடிவு செய்தார்கள். அரசர் முத்திரையிட்ட உத்தரவு ஒன்று வந்தது. விசாரணை இல்லை. கிரிமோவை நான்சி நகருக்கு அருகில் ஒரு துறவிகள் மடத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

தண்டனைதான். ஆனால் அந்த மடத்தில் சாப்பாடு பிரமாதம்! எந்தப் பண்டம் எந்த மாதத்தில் ருசிக்கும், எந்தக் கறிக்கு எந்த மது பொருந்தும் என்பதை எல்லாம் அவர் ஆற அமரக் கற்றுக்கொண்டது அங்கேதான். பிறகு லியோன் நகரத்துக்குப் போய்க் கடை வைத்தார். கோடீசுவரர் மகன் மளிகை விற்றார். சரக்கின் தரமும் வியாபாரியின் தந்திரமும் இரண்டுமே அவருக்குப் பாடமாயின.

இதற்குள் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. 1789-ம் ஆண்டு ஜூலையில் மக்கள் முதலில் தீ வைத்த இடங்களில், பாரீசைச் சுற்றி இருந்த வரிச் சாவடிகளும் உண்டு. கிரிமோவின் தந்தை 1793 டிசம்பரில் இறந்தார். அது ஒரு விதத்தில் நல்ல சாவு. ஐந்தே மாதத்தில், 1794 மே 8-ந் தேதி, வரிக் குத்தகைதாரர்கள் 28 பேர் ஒரே நாளில் தலை வெட்டப்பட்டார்கள். பெரிய விஞ்ஞானி லவாய்சியரும் அதில் ஒருவர்.

பாக்கெட்டில் இருந்த சாவி

1794-ல் கிரிமோ பாரீஸ் திரும்பினார். அவர் அறிந்த பாரீஸ் போய்விட்டது. பிரபுக்கள் சிலர் செத்தார்கள். சிலர் ஓடினார்கள். அவர்கள் வீட்டுச் சமையல்காரர்கள் வேலை இழந்தார்கள். அவர்களில் பலர் ஓட்டல் திறந்தார்கள்.

முன்பு சத்திரங்களில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே சாப்பாடு. புதிய ஓட்டல்களில் அப்படி இல்லை. தனி மேஜை. கையில் ஒரு விலைப்பட்டியல். அதில் உணவு வகைகளோடு மது வகைகளும் வரிசையாக அச்சிடப்பட்டு இருக்கும். பெரிய ஓட்டலில் பர்கண்டி மதுவில் தொடங்கி ஹங்கேரி நாட்டு டோக்காய் வரை சுமார் 30 வகை!

பட்டியல் நீளம்தான். ஆனால் எது நல்லது? புரட்சிக் காலத்தில் திடீர்ப் பணக்காரர்கள் பலர் தோன்றி இருந்தார்கள். பணம் இருந்தது, ருசி தெரியவில்லை. பட்டியலில் விலை அதிகமாக இருப்பதே உயர்ந்தது என்று எண்ணி ஏமாந்தார்கள்.

போவில்யே என்று ஒரு பெயர் பெற்ற ஓட்டல் முதலாளி இருந்தார். ஒரு காலத்தில் மன்னரின் தம்பிக்குச் சமைத்தவர். அவருடைய மதுக் கிடங்கு பாரீசில் பேர் போனது. பணக்காரர் யாராவது வந்தால் அவரே மேஜைக்கு வருவார். இதைச் சாப்பிடாதீர்கள், அதைச் சாப்பிடுங்கள் என்று அன்போடு சொல்லுவார். பிறகு தன் பாக்கெட்டில் இருந்து சாவியை எடுத்துக் கொடுத்து, கிடங்கில் இருந்து ஒரு தனி மதுவைக் கொண்டுவரச் சொல்லுவார். வாடிக்கையாளர் சொந்தக்காரர் வீட்டில் சாப்பிடுவது போல் குளிர்ந்து போவார். பில் வந்ததும்தான் வியர்க்கும்!

மது நல்லதுதான். அதில் குறை இல்லை. ஆனால் வாடிக்கையாளருக்காகப் பேச அங்கு ஆள் இல்லை. அந்த ஆளாகக் கிரிமோ வந்தார்.

செவ்வாய்க்கிழமைத் தீர்ப்பு

அவர் முன்பு நாடகங்களை விமர்சித்துப் பத்திரிகை நடத்தியவர். 1798-ல் அரசாங்கம் அதை நிறுத்திவிட்டது. நடிகர்களை விமர்சித்த பேனாவைச் சமையல்காரர்கள் பக்கம் திருப்பினார். 1803-ல் 'சாப்பாட்டுப் பிரியர்களின் பஞ்சாங்கம்' என்ற பொருள்படும் புத்தகம் வெளிவந்தது. எந்த மாதத்தில் என்ன சாப்பிடலாம், பாரீசில் எந்தத் தெருவில் எந்தக் கடை நல்லது என்று அதில் விவரமாக எழுதினார். புத்தகம் பறந்தது. 1812 வரை எட்டுப் பாகங்கள் வந்தன.

வீட்டில் ஒரு நடுவர் குழுவையும் கூட்டினார். செவ்வாய்க்கிழமை தோறும் கூட்டம். ஓட்டல்காரர்களும் கடைக்காரர்களும் தங்கள் பண்டங்களையும் மது வகைகளையும் சொந்தச் செலவில் அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றாகத்தான் மேஜைக்கு வரும். ருசி பார்ப்பார்கள், விவாதிப்பார்கள், ஓட்டுப் போடுவார்கள். தீர்ப்பை எழுதி வைப்பார்கள். அடுத்த புத்தகத்தில் அது வரும். பாராட்டு வந்தால் கடையில் கூட்டம். வராவிட்டால் ஈ!

1808-ல் விருந்து கொடுப்பவர்களுக்கு ஒரு கையேடு எழுதினார். அதன் முதல் பகுதி, மேஜையில் இறைச்சியை எப்படி அறுப்பது என்பது. எழுதியவருக்கு விரல் இல்லை என்பதை நினைத்தால் உடல் சிலிர்க்கும்.

மதுவுக்கும் அதில் வரிசை சொன்னார். சாப்பாட்டின் தொடக்கத்தில் சாதாரண மது. நடுவில் உயர்ந்த ரகம். கடைசியில், பழமும் இனிப்பும் வரும்போது, இனிப்பு மது. நாக்கு மரத்துப் போவதற்கு முன்னால் அதன் வேலையை அது செய்ய வேண்டும் அல்லவா? விலை உயர்ந்த புட்டிகளை அடுக்கி வைப்பது பெரிய காரியம் இல்லை. முதலில் ஊற்றும் சாதாரண மதுவில்தான் வீட்டுக்காரரின் யோக்கியதை தெரியும்.  

ஓசிச் சாப்பாடா?

புகழோடு பழியும் வந்தது. நடுவர் குழு என்பது ஓசியில் சாப்பிடச் செய்த ஏற்பாடு என்றார்கள். அனுப்புகிறவனுக்குப் புகழ், அனுப்பாதவனுக்கு இகழ் என்றார்கள்.

பண்டங்கள் இலவசமாக வந்தன என்பது உண்மை. கிரிமோ அதை மறைக்கவே இல்லை. அனுப்புங்கள் என்று புத்தகத்திலேயே அச்சிட்டார். ஆனால் மறைக்காமல் இருப்பது வேறு, கை சுத்தமாக இருப்பது வேறு. தான் ஏழை இல்லை, தனக்கு எதற்கு லஞ்சம் என்று அவர் நினைத்திருக்கலாம். தீர்ப்பால் அடிபட்ட வியாபாரி அப்படி நினைப்பானா? காசு கொடுத்து, பெயர் சொல்லாமல் சாப்பிட்டுப் பார்த்து எழுதும் முறை பிற்காலத்தில்தான் வந்தது. நீதிபதி ஆசனத்தைச் செய்தவர் கிரிமோ. அதைச் சரியான இடத்தில் வைக்க அவருக்குத் தெரியவில்லை.

சண்டை முற்றியது. 1812-ல் வந்த புத்தகமே கடைசி.

இரண்டாவது சாவு

அதே 1812-ல் கிரிமோ இறந்துவிட்டதாக நண்பர்களுக்கு ஓலை போயிற்று. ஒரு காலத்தில் அவர் மேஜையில் உட்காரப் போட்டி போட்டவர்களில் சிலரே வந்தார்கள். வீட்டில் கறுப்புத் துணி தொங்கியது. சவப்பெட்டி இருந்தது. வந்தவர்கள் துக்கத்தோடு நின்றார்கள்.

திடீரென்று கதவு திறந்தது. உள்ளே விளக்குகள் எரிய, மேஜை நிறையச் சாப்பாடு. நடுவில் கிரிமோ உட்கார்ந்திருந்தார்!

உண்மையான நண்பர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கச் செய்த வேலை. வந்த அந்தச் சிலருக்கு விருந்து போட்டார்.

பிறகு தலைநகரை விட்டு ஒதுங்கினார். நாடக நடிகையான தம் மனைவியோடு, பாரீசுக்குத் தெற்கே வில்யே சூர் ஓர்ஜ் என்ற ஊரில் குடியேறினார். ஏறத்தாழ கால் நூற்றாண்டு அங்கே வாழ்ந்தார். பாரீசில் புதிய ஓட்டல்கள் வந்தன. புதிய விமர்சகர்கள் வந்தார்கள். பிரியா-சவரேன் எழுதிய சமையல் நூல் 1825-ல் வெளிவந்து, கிரிமோவின் புகழை மறைத்தது.

1837-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி கிரிமோ இறந்தார். வயது 79. கிறிஸ்துமஸ் தினம். பாரீஸ் ஓட்டல்களில் அன்று நல்ல கூட்டம் இருந்திருக்கும்.

அந்தக் கறுப்புக் கரை விருந்து நடந்த மாளிகையை 20-ம் நூற்றாண்டில் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது அமெரிக்கத் தூதரகம் இருக்கிறது.