சொல்லுக்குப் பிணை நின்றவர்

பேச்சையே தொழிலாகக் கொண்டவர் பலர். தாம் பேசிய சொல்லுக்குத் தாமே பிணை நின்றவர் சிலர். அச்சிலருள் ஒருவர், அமெரிக்கத் தொலைக்காட்சி தளர்நடை பயின்ற நாளில் அதற்கு நேர்மையின் வழியைக் காட்டிய எட்வர்ட் ஆர். மரோ. பத்தாண்டுகளாகச் சொல்லைப் போற்றிவரும் நம் வட்டத்தின் மலரில் அவர்தம் வாழ்வை எண்ணிப் பார்த்தல் பொருந்தும்.

1908 ஏப்ரல் 25 அன்று, வட கரோலினா மாநிலத்துக் கிரீன்ஸ்பரோ நகரை அடுத்த சிற்றூரில் எளிய உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் எக்பர்ட். எட்வர்ட் என்பது பின்னர் அவரே சூடிக்கொண்டது. சிறுவனாயிருந்தபோதே குடும்பம் நாட்டின் மறுகோடியிலுள்ள வாஷிங்டன் மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தது. அங்கே மரம் வெட்டுவோர் முகாம்களில் உழைத்துப் பொருள் ஈட்டிக் கல்லூரியில் சேர்ந்தார்.

கல்லூரியில் அவருக்கு வாய்த்த ஆசிரியை ஐடா லூ ஆண்டர்சன். இளம்பிள்ளை வாதத்தால் உடல் வளைந்தவர், உள்ளமோ நிமிர்ந்தது. பேச்சுக் கலையை அவரிடமே மரோ கற்றார். பின்னாளில் மாணவரின் இலண்டன் ஒலிபரப்பைக் கேட்ட அவ்வம்மையார், தொடக்கத் தொடரின் முதற்சொல்லை அடுத்துச் சற்றே நிறுத்துமாறு அறிவுறுத்தினார். அந்நொடிநேர அமைதியே மரோவின் அடையாளமாயிற்று.

1935இல் சி.பி.எஸ். நிறுவனத்தில் சேர்ந்த அவர், 1937இல் இலண்டன் சென்றார். பிறருடைய உரைகளுக்கு ஏற்பாடு செய்வதே அவருக்கு இடப்பட்ட பணி. 1938 மார்ச்சில் இட்லரின் படை ஆஸ்திரியாவுள் புகுந்தது. மரோ வானூர்தியை வாடகைக்கு அமர்த்தி வியன்னா சேர்ந்து, கண்டதைத் தாமே கூறினார். 1940இல் இலண்டன்மீது குண்டு மழை பொழிந்தபோது கட்டடங்களின் கூரைமீது நின்று பேசினார். ஓரிரவு ஒலிவாங்கியை நடைபாதையருகே தாழ்த்திப் பிடித்தார். பதுங்கிடம் நோக்கி ஓடாமல் நடந்துசென்ற மக்களின் காலடியோசை கடல் கடந்து கேட்டது. அஞ்சாமை என்ற சொல்லை அவர் அங்கே ஆளவேண்டிய தேவை எழவில்லை. 1945 ஏப்ரலில் புக்கன்வால்டு வதைமுகாமைக் கண்டு திரும்பியவர், மிகைப்படுத்தாமல், மென்மைப்படுத்தாமல், கண்ட கொடுமையைக் கண்டவாறே உரைத்தார்.

1951 நவம்பர் 18 அன்று, நண்பர் பிரெட் பிரெண்ட்லியுடன் சேர்ந்து ‘சீ இட் நவ்’ என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தொடங்கினார். அட்லாண்டிக் கரையும் பசிபிக் கரையும் ஒரே வேளையில் திரையில் தோன்றின. கருவியின் ஆற்றல் அது. அதை எதற்குப் பயன்படுத்துவது என்பதே மரோவின் வினா.

அது ஐயமே குற்றச்சாட்டாக மாறிய காலம். பொதுவுடைமையர் என்ற பழி சுமத்தி மேலவை உறுப்பினர் ஜோசப் மக்கார்த்தி பலரின் வாழ்வைக் குலைத்துவந்தார். தந்தையும் தமக்கையும் கொண்ட கருத்துக்காக, மைலோ ராடுலோவிச் என்ற வான்படை அலுவலரைப் பணிநீக்கம் செய்ய முயன்றனர். 1953 அக்டோபரில் மரோ அவருக்காக வழக்குரைத்தார். அடுத்த மாதமே அம்முயற்சி கைவிடப்பட்டது. 1954 மார்ச் 9 அன்று மக்கார்த்தியையே நேரில் எதிர்கொண்டார். விளம்பரச் செலவை நிறுவனம் ஏற்காததால், மரோவும் பிரெண்ட்லியும் தம் கைப்பொருளை ஈந்தனர். மக்கார்த்தியின் பேச்சுப் படங்களையே காட்டி, அவற்றின் பிழைகளை எடுத்துரைத்தார் மரோ. மறுமொழி கூற அவருக்கும் நேரம் அளித்தார். மக்கார்த்தியை முதலில் எதிர்த்தவர் மரோ அல்லர்; செய்தித்தாள்களில் பலர் முன்னரே எழுதியிருந்தனர். எனினும் இல்லந்தோறும் நுழைந்த திரையில் அவ்வாறு செய்யத் துணிவு வேண்டியிருந்தது. அவ்வாண்டு டிசம்பர் 2 அன்று மேலவை 67க்கு 22 என்ற வாக்கில் மக்கார்த்தியைக் கண்டித்தது.

துணிவுக்கு விலை உண்டு. நிகழ்ச்சியின் இடம் சுருங்கி, 1958இல் அது நின்றது. அவ்வாண்டு சிகாகோவில், வாணிகமும் கேளிக்கையும் அக்கருவியை விழுங்குவதைத் தம் துறையினர் முன்னிலையிலேயே கடிந்து பேசினார். 1960இல் ஊர் ஊராய்ப் பெயர்ந்து அறுவடைக் கூலிக்கு உழைப்போரின் துயரத்தைப் படமாக்கினார்.

கறை ஒன்றையும் மறைத்தல் தகாது. 1961இல் அரசின் செய்தித் துறைத் தலைவரானபின், நாட்டின் பெயரைக் காக்க எண்ணி, அதே படத்தைப் பி.பி.சி. காட்டாதிருக்குமாறு வேண்டினார். வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. தம் சொல்லுக்கே எதிராக நின்ற அந்த நாள் அவர் வாழ்விலும் வந்தது.

புகைச்சுருட்டை விடாத அவர் நுரையீரல் புற்றுநோயால், 57 நிறைந்த இரண்டாம் நாள், 1965 ஏப்ரல் 27 அன்று மறைந்தார்.

பதவி ஏற்றபின்னும் பழைய சொல்லோடு நிற்பது எத்துணை அரிது என்பதை அவர்தம் வாழ்வே காட்டுகிறது. பாட்டரங்கில் நாம் உரக்கப் பாடும் அறச்சொற்களுக்கும் அத்தகைய நாள் ஒன்று வரும். அன்று நாம் எப்பக்கம் நிற்போம் என்பதை இன்றே எண்ணிக்கொள்ளுதல் நன்று.