மாட்டு வண்டியில் குடித்தனம் நடத்திய துரை

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் ஏரியில் படகு விடுவார்கள். சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து போய்ச் சாமி கும்பிடுவார்கள். லேடீஸ் சீட்டில் நின்று, கீழே சேலம் நகரத்து விளக்குகள் மினுக்குவதைப் பார்ப்பார்கள். பிறகு பஸ் ஏறிவிடுவார்கள்.

அதே ஊரில் ஹோலி டிரினிடி சர்ச் என்று ஒரு பழைய கிறிஸ்தவ ஆலயம் இருக்கிறது. அங்கே ஒரு வெள்ளைக்காரரின் அஸ்தி அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. அவர் பெயர் ராபர்ட் புரூஸ் புட்.

இந்த நாட்டில் மனிதன் எவ்வளவு பழமையானவன் என்பதற்கு முதல் சாட்சியைக் கையில் எடுத்தவர் அவர். முப்பத்து மூன்று வருஷ உத்தியோகத்தில் வருஷத்துக்குப் பல மாதம் அவருக்குக் கூடாரமே வீடு. மாட்டு வண்டியே சாமான் அறை.

யாழ்ப்பாணத்துச் சம்பந்தம்

புட் 1834-ம் ஆண்டு இங்கிலாந்தில் செல்டன்ஹாம் என்ற ஊரில் பிறந்தார். 1858-ம் ஆண்டில் இந்தியப் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவில் சேர்ந்தார். மண்ணையும் பாறையையும் சோதித்து, எங்கே என்ன கிடைக்கும் என்று படம் வரைந்து கொடுப்பது அந்த இலாகாவின் வேலை. அவரைச் சென்னை ராஜதானிக்கு அனுப்பினார்கள்.

இங்கே அவர் மணந்த பெண்ணின் தகப்பனார், தமிழ் படித்தவர்கள் அறிந்த மனிதர். பீட்டர் பெர்சிவல் பாதிரியார்தான் அவர். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் உதவியோடு பைபிளைத் தமிழில் பெயர்த்தவர். தமிழ்ப் பழமொழிகளை ஆயிரக்கணக்கில் தொகுத்துப் புத்தகமாக வெளியிட்டவர். மாமனார் ஊர் ஊராகப் பரவிய பழமொழிகளைச் சேர்த்தார். மருமகன் ஊர் ஊராகக் கற்களைச் சேர்த்தார். பெர்சிவல் தமது கடைசிக் காலத்தை ஏற்காட்டில் கழித்து, 1882-ல் அங்கேயே காலமானார்.

புட்டின் முதல் மனைவி இளவயதிலேயே இறந்துபோனார். பின்னர் அவர் மறுமணம் செய்துகொண்டார்.

பல்லாவரத்துக் குழி

1859-ம் ஆண்டில் ஐரோப்பாவில் ஒரு பெரிய சர்ச்சை தீர்ந்தது. பிரான்சு நாட்டு ஆற்றுச் சரளையில் கிடைத்த கல் ஆயுதங்கள், மறைந்துபோன மிருகங்களின் காலத்து மனிதன் செய்தவைதான் என்று இங்கிலாந்து அறிஞர்கள் நேரில் போய்ப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். அந்தச் செய்தி புட்டின் மனத்தில் பதிந்தது. அங்கே உண்டென்றால் இங்கேயும் இருக்கலாமே என்று அவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்.

1863-ம் ஆண்டு மே மாதம் 30-ந் தேதி, சென்னையை அடுத்த பல்லாவரத்தில், பட்டாளத்து மைதானத்தில் சரளைக்காக வெட்டிய குழி ஒன்றை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டிப் போட்ட செம்மண் சரளைக்குள் ஒரு கல் கிடந்தது. குவார்ட்சைட் என்னும் கடினமான பாறையில், இரண்டு பக்கமும் சில்லுகளைத் தட்டி எடுத்து, கைக்கு அடங்கும்படி செய்த கோடரி அது. தட்டியவன் மனிதன் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி, அவரும் உடன் வேலை பார்த்த வில்லியம் கிங்கும் திருவள்ளூர்ப் பக்கத்தில் அத்திரம்பாக்கம் என்ற இடத்தில் அத்தகைய கற்களைக் கண்டெடுத்தார்கள். அவற்றின் வயது எத்தனை என்று அப்போது யாராலும் சொல்ல முடியவில்லை. 2011-ம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி, அங்குள்ள மிகப் பழைய கற்களுக்குச் சுமார் 15 லட்சம் வருஷம் என்று கணக்கிட்டது.

முன்பாரமும் பின்பாரமும்

அன்று முதல் புட்டின் வண்டியில் ஒரு புதிய சரக்கு ஏறத் தொடங்கியது.

அந்தக் காலத்தில் சர்க்கார் சர்வே உத்தியோகஸ்தர்கள் மழைக்காலம் ஓய்ந்ததும் புறப்படுவார்கள். கோடை முற்றும்வரை ஊர் ஊராகச் சுற்றுவார்கள். ஓட்டல் கிடையாது. பல ஊர்களில் பயணிகள் பங்களாவும் கிடையாது. கட்டில், மேசை, நாற்காலி, சமையல் பாத்திரம், விளக்கு, தண்ணீர்ப் பானை, மருந்துப் பெட்டி, காகிதப் பெட்டி எல்லாம் கூடவே வரவேண்டும். துரை குதிரையில் போவார். சாமான் மாட்டு வண்டியில் வரும். வண்டி மணிக்கு இரண்டு மைல் போனால் அதிகம்.

அந்த வண்டிக்குள் எதை எங்கே வைப்பது என்பது சாமானியமான கணக்கல்ல.

நம் நாட்டு வண்டிக்கு இரண்டே சக்கரம். நடுவில் அச்சு. பாரம் பின்னால் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கிக்கொள்ளும். பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். பாரம் முன்னால் அதிகமானால் நுகத்தடி கழுத்தை அழுத்தும். நாலு நாளில் கழுத்து புண்ணாகிவிடும். மேட்டில் ஏறும்போது பாரம் பின்னுக்குச் சாயும். இறக்கத்தில் முன்னுக்குத் தள்ளும். வண்டிக்காரர்கள் இதை முன்பாரம், பின்பாரம் என்பார்கள். நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்தே, பாரம் சரியா தப்பா என்று சொல்லிவிடுவார்கள். கொஞ்சம் முன்பாரம் இருக்கவேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

இன்று மோட்டார் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீடுகள் வந்துவிட்டன. உள்ளே கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கின்றன. அவற்றைக் கட்டுகிற என்ஜினியர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். கனமான சாமான் அச்சுக்கு மேலே, தாழ்வாக இருக்கவேண்டும். மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு முன்பக்கக் கொக்கியில் உட்காரவேண்டும். பாரம் பின்னால் போனால் வண்டி வாலை ஆட்டும். காரையே சாலையை விட்டுத் தள்ளிவிடும்.

பாரம் ஒரு கணக்கு. வேளை இன்னொரு கணக்கு. முதலில் வேண்டிய சாமான் கடைசியில் ஏறவேண்டும். சாயங்காலம் புளியந்தோப்புக்கு வந்து சேர்ந்ததும் முதலில் வேண்டியது கூடாரம். ஆனால் எல்லாவற்றிலும் கனமானதும் அதுதான். காலைப் பனியில் நனைந்த துணி இன்னும் கனக்கும். அதை வண்டியின் வால்பக்கம் வைத்தால் பின்பாரம்; அடியில் வைத்தால் இருட்டுகிற வேளையில் எல்லாச் சாமானையும் இறக்கவேண்டும். வசதியுள்ள அதிகாரிகள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். இரண்டு கூடாரம் வாங்கிவிடுவார்கள். ஒன்றில் துரை தூங்கும்போதே மற்றொன்று தனி வண்டியில் அடுத்த ஊருக்குப் போய்விடும்.

சமையல் பெட்டி கை எட்டும் ஓரத்தில் இருக்கும். விளக்குக் கண்ணாடி வைக்கோலுக்குள் பத்திரமாக இருக்கும். மேசை கால்களை மேலே நீட்டிக்கொண்டு கவிழ்ந்து வரும். அந்தக் கால்களுக்கு நடுவே மெத்தைச் சுருட்டு. ஓர் அங்குல இடமும் வீணாகாது. ஒரே வண்டியில் குடும்பத்தோடு திருவிழாவுக்குப் போன பாட்டிமார்களுக்கு இந்த வித்தை தெரியும்.

இதற்கு மேல் புட்டுக்குக் கல் இருந்தது.

கைக்கோடரி ஒன்று சராசரியாக அரைக் கிலோவுக்கு மேல் எடை இருக்கும். நூறு கல் சேர்ந்தால் ஒரு மூட்டை நெல்லுக்குச் சமம். பாறை மாதிரிகள் இலாகாவின் வேலை. அவற்றுக்குக் கல்கத்தா ஆபீஸ் உண்டு. ஆதிமனிதனின் ஆயுதங்கள் அவருடைய சொந்தச் சேகரிப்பு. அவற்றுக்கு அவர்தான் இடம் பார்க்கவேண்டும். நாற்காலி உடைந்தால் அடுத்த பட்டணத்தில் வேறு வாங்கலாம். கல் ஒன்றை வழியில் போட்டுவிட்டால் போனது போனதுதான்.

கல்லைக் காப்பாற்றினால் மட்டும் போதாது. எந்த ஊரில், எந்த ஓடைக்கரையில் கிடைத்தது என்ற குறிப்பும் கூடவே இருக்கவேண்டும். குறிப்புத் தவறிய கோடரி அம்மிக்கல்லுக்கு முட்டுக் கொடுக்கத்தான் உதவும். புட் இதில் மகா கண்டிப்பானவர். பின்னாளில் அவர் எழுதிய ஜாபிதாவில் ஜில்லா வாரியாக, ஊர் வாரியாகக் கற்கள் வரிசையாக நிற்கின்றன. குலுங்குகிற வண்டியில் பல வருஷம் பயணம் செய்த சரக்கு அத்தனை ஒழுங்காக வந்து சேர்ந்தது பெரிய காரியம்.

சீமையில் ஒரு சக்கர வீடு

1885-ம் ஆண்டில் இங்கிலாந்தில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற டாக்டர், உல்லாசப் பயணத்துக்கென்றே ஒரு சக்கர வீடு செய்துகொண்டார். கப்பற்படையில் வேலை பார்த்தவர். சிறுவர்களுக்குக் கதை எழுதிப் புகழ் பெற்றவர். பிரிஸ்டல் நகரத்துத் தொழிற்சாலையில் மஹாகனி மரத்தில் கட்டிய நாலு சக்கர வண்டி அது. பெயர் வாண்டரர். இரண்டு குதிரைகள் இழுத்தன. முன்னால் உட்காரும் அறை. பின்னால் சமையல் அறை. பகலில் சோபாவாக இருப்பது இரவில் படுக்கையாகும். புத்தக அலமாரி உண்டு. எண்ணெய் அடுப்பு உண்டு. ஒரு ஹார்மோனியம்கூட உண்டு! சாமானோடு ஏறக்குறைய இரண்டு டன் எடை. அதில் ஏறி அவர் ஸ்காட்லாந்து வரையில் போனார். இன்றைய சக்கர வீடுகளுக்கெல்லாம் அதுவே முன்னோடி என்கிறார்கள்.

ஹார்மோனியத்துக்கு இடம் கண்டுபிடித்தவர் அவர். ஏறக்குறைய அதே சமயத்தில் கர்நூல் ஜில்லாவில் பில்ல சுர்கம் என்ற குகைகளை புட் தோண்டிக்கொண்டிருந்தார். பீரங்கிப் படையில் அதிகாரியாக இருந்த மகன் ஹென்றியும் அந்த வேலையில் சேர்ந்தார். பழைய மிருகங்களின் எலும்புகள் அங்கே ஏராளமாகக் கிடைத்தன. கல்லாவது குலுங்கினால் தாங்கும், எலும்பு தாங்காது.

நெல்லைச் சீமையில் சாயர்புரத்துச் செம்மணல் தேரியில் விரல் நுனி அளவுள்ள கல் ஆயுதங்களைக் கண்டார். பெல்லாரிப் பக்கத்துக் குன்றுகளில், வழவழவென்று தேய்த்த கோடரிகளைச் செய்த கல் பட்டறையையே கண்டார். நானூறுக்கும் மேற்பட்ட இடங்களில் ஆதிமனிதனின் அடையாளங்களை அவர் குறித்து வைத்தார். இத்தனைக்கும் இது அவருடைய உத்தியோகம் அல்ல. உத்தியோகத்தில் அவர் செய்ததும் குறைவில்லை. கோலார் தங்கம் இருக்கும் பாறை வரிசைக்குத் தார்வார் என்று பெயரிட்டவர் அவரே.

மலைமேல் வீடு

1891-ல் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவர் சும்மா இருந்தாரா? பரோடா சமஸ்தானத்துக்குப் போனார். குஜராத்தில் சபர்மதி ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் பழைய கல் ஆயுதங்களைக் கண்டார். 1894-ல் மைசூர் சமஸ்தானம் புதிய பூகர்ப்ப இலாகா தொடங்கியபோது அதை அமைத்துக் கொடுத்தார்.

பிறகுதான் ஏற்காட்டில் நிலைத்தார். கடல் மட்டத்துக்குச் சுமார் ஐயாயிரம் அடி உயரம். குளிர்ந்த காற்று, காப்பித் தோட்டம், மாமனாரின் நினைவு. மோட்டார் பஸ் இல்லாத அந்த நாளில், அடிவாரத்திலிருந்து மலைக்கு ஒரு பெட்டியைக் கொண்டுபோவதே பெரும்பாடு. ஆனாலும் அவரது கல் பெட்டிகளுக்குக் கடைசியில் ஒரு கூரை கிடைத்தது. முன்பாரம், பின்பாரம் பார்க்க வேண்டாத அலமாரியில் அவை உட்கார்ந்தன.

அங்கேயும் அவர் கண் சும்மா இருக்கவில்லை. சேர்வராயன் மலையிலேயே மெருகிட்ட பழங் கோடரிகள் கிடைத்தன. மலைமக்கள் அத்தகைய கற்களைக் கோயில்களில் வைத்திருந்தார்கள். அவற்றையும் தம் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

வயது எழுபதை எட்டிக்கொண்டிருந்தது. தமக்குப் பிறகு இந்தக் கற்கள் என்னவாகும்? ஏலத்தில் போனால் ஆளுக்கொன்றாகச் சிதறிவிடும். மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க ஒன்று, தோட்டத்துப் பாதையில் ஒன்று என்று முடிந்துவிடும். 1904-ம் ஆண்டில் சென்னை சர்க்கார் மொத்தச் சேகரிப்பையும் எழும்பூர் மியூசியத்துக்காக வாங்கிக்கொண்டது. பட்டணத்து மக்கள் செத்த காலேஜ் என்று வேடிக்கையாகச் சொல்வார்களே, அதே இடம்தான். மறுபடியும் பெட்டி கட்டி, மலையிலிருந்து இறக்கினார்கள்.

மீதிக் காலத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் விவரம் எழுதும் வேலை இருந்தது. 1912-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி கல்கத்தாவில் புட் காலமானார். அவருடைய ஜாபிதா 1914-லும், கற்களின் காலத்தையும் இடங்களையும் பற்றிய இரண்டாவது புத்தகம் 1916-லும் அச்சாகி வெளிவந்தன. இரண்டையும் அவர் அச்சில் பார்க்கவில்லை. அவருடைய அஸ்தி மட்டும் கல்கத்தாவிலிருந்து ஏற்காட்டு மலைக்குத் திரும்பி வந்தது.