பிளேக்கை நிறுத்திய ஈப்போ டாக்டர்

நம் சங்கத்தின் பொன்விழா மலரில் ஒரு சீன டாக்டரின் வாழ்க்கை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். அவர் பினாங்கில் பிறந்தவர், ஈப்போவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வைத்தியம் பார்த்தவர். அந்த இரண்டு ஊருக்கும் இடையே ஓடும் ரயில் நம் பாரிட் புந்தார் நிலையத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். 2020-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, பள்ளிவாசல் கதவு மூடி, கடைக்குப் போகும் பிள்ளைக்கும் முகக்கவசம் மாட்டிவிட்ட அந்த நாட்களில் நாம் செய்தவற்றில் பாதி இவர் வகுத்த முறை என்பது நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் பெயர் டாக்டர் வூ லியன் தே. 1879 மார்ச் 10-ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். தந்தை சீனாவின் தைசான் பகுதியிலிருந்து பிழைக்க வந்த பொற்கொல்லர். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, 1896-ல் அரசியார் உதவிச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் இமானுவேல் கல்லூரிக்குப் போனார். அங்கே மருத்துவம் படித்த முதல் சீனர் அவர்தாம் என்பார்கள். லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் பயிற்சி, பிறகு லிவர்பூலில் வெப்பமண்டல நோய்களைப் பற்றிய படிப்பு. அங்கே அவருக்கு ஆசான் ரொனால்ட் ராஸ். 1897-ல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றைக் கீறி, மலேரியா கொசுவால்தான் பரவுகிறது என்று காட்டிய அதே ராஸ். ஜெர்மனியிலும் பாரிஸ் பாஸ்டர் நிலையத்திலும் நுண்ணுயிர் ஆய்வு பயின்று, 1903-ல் 24 வயதில் ஊர் திரும்பினார்.

இத்தனை படித்து வந்தவருக்கு ஊரில் வேலை இல்லை. அன்றைய காலனி மருத்துவத் துறையில் உயர்ந்த பதவிகள் வெள்ளையருக்கு மட்டுமே. ஆசியர் எவ்வளவு படித்திருந்தாலும் உதவியாளர் நிலையில்தான் நிற்க வேண்டும். கோலாலம்பூரில் அப்போதுதான் தொடங்கியிருந்த மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஓராண்டு ஆய்வு மாணவராக இருந்தார். வயிற்றுப் புழுக்களையும் பெரிபெரி நோயையும் ஆராய்ந்தார்.

நெல் விளையும் கிரியான் மாவட்டத்துக்காரர்கள் இந்தப் பெரிபெரி கதையைக் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் ஓய்ந்து ஆளைக் கொல்லும் நோய் அது. ஈயச் சுரங்கச் சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் அதற்குப் பலியானார்கள். ஆனால் அதே நாட்டில், அதே வெயிலில் வேலை செய்த தமிழர்களுக்கு அது அவ்வளவாக வரவில்லை. ஏன்? நெகிரி செம்பிலானில் இருந்த பிராடன் என்ற டாக்டர் சோற்றுப் பானையைப் பார்த்தார். சீனர் தின்றது தீட்டிய பச்சரிசி. நம்மவர் தின்றது புழுங்கல் அரிசி. பின்னர் அதே ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இருவரும் சாலை வேலை செய்த கூலிகளுக்கு இரண்டு வகை அரிசியையும் பிரித்துக் கொடுத்துச் சோதித்து, குறை அரிசியைத் தீட்டுவதில்தான் இருக்கிறது என்பதை நிலைநாட்டினார்கள். தீட்டும்போது தவிட்டோடு போய்விடுவது இன்று நாம் பி1 என்று சொல்லும் வைட்டமின். நெல்லைப் புழுக்கும்போது அது அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் புழுக்கிய நெல்லில் இவ்வளவு விஷயம் இருந்திருக்கிறது. வூ இந்த ஆய்வின் தொடக்க நாட்களில் இருந்தவர். முடிவைக் காணுமுன் அவர் போக வேண்டியதாயிற்று.

1904-ன் இறுதியில் பினாங்கில் சொந்த மருந்தகம் திறந்தார். எங்கே தெரியுமா? சூலியா தெருவில். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் ஒரு நடை தூரம். நம் முன்னோர் கடைவைத்து, கப்பலேறி, கணக்கெழுதி வாழ்ந்த தெரு. அந்தத் தெருவின் பெயரே நம்மவரைக் குறித்து வந்தது.

மருந்தகத்துக்கு வந்த நோயாளிகளில் பலர் அபினுக்கு அடிமைகள். அந்நாளில் அபின் விற்பதற்கு அரசே உரிமம் கொடுத்துப் பணம் வாங்கிக்கொண்டது. காலனி வருமானத்தில் பெரும்பங்கு அதிலிருந்து வந்தது. பெரிய சீன முதலாளிகளுக்கும் அதில் இலாபம். இருபத்தைந்து வயது டாக்டர் அதை எதிர்த்துச் சங்கம் சேர்த்தார். 1906-ல் ஈப்போவில் அபின் எதிர்ப்பு மாநாடு ஒன்றை நடத்தினார். மலாயாவின் பல பகுதிகளிலிருந்தும் ஆட்கள் வந்து கூடினார்கள். அடுத்து நடந்தது எதிர்பார்க்கக்கூடியதே. அவருடைய மருந்தகத்தைச் சோதனையிட்டு, சிகிச்சைக்கு வைத்திருந்த ஒரு அவுன்ஸ் அபின் கரைசலைக் கண்டெடுத்து, வழக்குப் போட்டு அபராதம் விதித்தார்கள். அபினை எதிர்த்தவர் மீதே அபின் வழக்கு! அந்தச் செய்தி கடல் கடந்து போயிற்று. சீனாவில் யுவான் ஷிகாய் அவரைத் தியென்ட்சின் நகரின் ராணுவ மருத்துவக் கல்லூரிக்குத் துணை இயக்குநராக அழைத்தார். சொந்த ஊர் தள்ளிவிட்டவர் 1908-ல் சீனா போய்ச் சேர்ந்தார். அவருக்குச் சீன மொழி சரியாகப் பேசவும் வராது. வேலை பார்த்துக்கொண்டே கற்றுக்கொண்டார்.

1910-ன் இறுதியில் மஞ்சூரியாவில் ஒரு நோய் கிளம்பிற்று. காய்ச்சல், இருமல், இரத்தம் துப்புதல், ஒன்றிரண்டு நாளில் மரணம். பிடித்தவர் ஒருவர்கூடப் பிழைப்பதில்லை. ஹார்பின் நகருக்குப் பக்கத்தில் ஃபூஜியாதியன் என்ற சீனர் குடியிருப்பில் நாளுக்கு நாள் பிணம் கூடிக்கொண்டே போயிற்று. ரயில் பாதை பாதி ரஷ்யர் கையில், பாதி ஜப்பானியர் கையில். சீனா இதைத் தடுக்காவிட்டால், நோயைச் சாக்கிட்டு அவர்கள் நாட்டுக்குள்ளேயே நுழைந்துவிடும் நிலை. அரசு வூவை அனுப்பியது. டிசம்பர் 24-ஆம் நாள், ஒரு நுண்ணோக்கியும் ஒரு மாணவரும் துணையாக அவர் ஹார்பினில் இறங்கினார். வயது 31. வெளியே உறைபனிக்கும் கீழே இருபது முப்பது டிகிரிக் குளிர்.

மூன்றாம் நாள் ஒரு ஜப்பானியப் பெண் அந்நோயால் இறந்த செய்தி வந்தது. பிண அறுவை சீன வழக்கத்துக்கு ஒவ்வாதது. ஊருக்குத் தெரிந்தால் கலவரம் வரும். அந்த வீட்டிலேயே ஓசைப்படாமல் உடலைத் திறந்து, நுரையீரலிலும் இதயத்திலும் மண்ணீரலிலும் இருந்து மாதிரி எடுத்தார். நுண்ணோக்கியில் பிளேக் கிருமி தெளிவாகத் தெரிந்தது.

ஆனால் இங்கேதான் சிக்கல். பிளேக் என்றால் எலி, எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி, பூச்சியிலிருந்து மனிதன் என்றே அன்றைய மருத்துவ உலகம் அறிந்திருந்தது. ஒரு ஜப்பானிய டாக்டர் ஹார்பினில் எலி எலியாக அறுத்துப் பார்த்துக் கிருமி இல்லை என்றதும், இது பிளேக்கே இல்லை என்று முடிவு கட்டியிருந்தார். வூ வேறு வழியில் யோசித்தார். எலியில் இல்லை, நுரையீரலில் நிறைய இருக்கிறது, வீட்டில் ஒருவருக்கு வந்தால் அருகில் இருந்தவர் எல்லாருக்கும் வருகிறது. அப்படியானால் இது மனிதன் மூச்சிலிருந்து மனிதனுக்குப் போகிறது. அந்த நாளில் இதைச் சொல்ல நிறையத் துணிவு வேண்டும்.

மூச்சில் பரவினால் மூச்சைத்தான் மறைக்க வேண்டும். மெல்லிய துணியை மடித்து, நடுவே பஞ்சு வைத்து, வாலைக் கிழித்துத் தலைக்குப் பின்னால் கட்டிக்கொள்ளும் கவசம் ஒன்றை அவர் வகுத்தார். சில காசுக்கு யாரும் செய்துகொள்ளலாம். முகக்கவசத்தை அவரே கண்டுபிடித்தார் என்று இப்போது பலர் எழுதுகிறார்கள், அது மிகை. ஐரோப்பாவில் அறுவை மருத்துவர்கள் அதற்கு முன்பே துணி கட்டத் தொடங்கியிருந்தார்கள். வூ செய்தது, அதைத் தடிமனாக்கி, அறுவைக் கூடத்திலிருந்து வெளியே கொண்டுவந்து, டாக்டர், தாதி, சிப்பாய், பிணம் தூக்குபவர் என்று எல்லார் முகத்திலும் கட்டியது. என் கணக்கில் அது கண்டுபிடிப்பைவிடச் சிறிய காரியம் அல்ல.

மெஸ்னி என்ற பிரெஞ்சு டாக்டர் வந்து சேர்ந்தார். வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். தலைமைப் பொறுப்பைத் தமக்கே தரவேண்டும் என்று எதிர்பார்த்தார். மூச்சில் பரவுகிறது என்ற பேச்சை ஏற்கவில்லை. ஒரு சீனர் தமக்குப் பாடம் சொல்வதா என்ற கோபமும் சேர்ந்தது. வூ தம் பதவியையே விட்டுவிட முன்வந்து மேலிடத்துக்குத் தந்தி அடித்தார். மெஸ்னியோ ரஷ்ய மருத்துவமனைக்குப் போய்க் கவசம் இல்லாமல் நோயாளிகளைப் பரிசோதித்தார். சில நாளில் காய்ச்சல், இருமல். ஜனவரி 11-ஆம் நாள் இறந்துபோனார். அதற்குப் பிறகு ஹார்பினில் கவசம் கட்டாதவரைக் காண்பது அரிதாயிற்று. வூவுக்கு அதில் மகிழ்ச்சி ஒன்றும் இல்லை. ஒரு நல்ல மருத்துவர் வீணாகப் போய்விட்டார்.

ஊரை நான்கு பகுதியாகப் பிரித்தார். பகுதிக்கு ஒரு நிறத்தில் அடையாளச் சின்னம். அனுமதி இல்லாமல் ஒரு பகுதியிலிருந்து மற்றொன்றுக்குப் போக முடியாது. வீடு வீடாகச் சோதனை. நோயாளி இருந்த வீட்டாரைத் தனியே வைக்க ரஷ்யர்களிடம் 120 சரக்கு ரயில் பெட்டிகளைக் கடன் வாங்கினார். புத்தாண்டுக்கு ஊர் போகும் தொழிலாளர் கூட்டம் நோயைத் தெற்கே கொண்டுபோகாதபடி ரயிலையும் சாலையையும் அடைத்தார். பெருநாளுக்கு ஊர் போக முடியாமல் 2020-ல் நாம் தவித்த தவிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே அது சீனப் புத்தாண்டு. அப்படியும் ஜனவரி இறுதியில் ஒரே நாளில் 180-க்கு மேற்பட்ட சாவு விழுந்தது.

மயானத்துக்குப் போனவர் திடுக்கிட்டு நின்றார். தரை பல அடி ஆழத்துக்கு உறைந்து பாறையாகிவிட்டதால் குழி தோண்ட முடியவில்லை. பெட்டிகளும் வெறும் உடல்களுமாக 2,000-க்கு மேல் திறந்த வெளியில் வரிசையாகக் கிடந்தன. கிருமி குளிரில் சாவதில்லை. எரிப்பதைத் தவிர வழி இல்லை. ஆனால் சீனருக்கு முன்னோர் உடலை மண்ணில் வைப்பது கடமை. எரிப்பது பெரும்பாவம் போன்றது. இறந்தவரை மண்ணில் அடக்கம் செய்யும் நமக்கு இதன் கனத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. கொவிட் காலத்தில் ஜனாஸாவுக்கு நெருங்கிய உறவினரும் போக முடியாமல் வீட்டில் இருந்து அழுத குடும்பங்கள் நம்மிடையே உண்டு. வூ அவசரப்படவில்லை. உள்ளூர்ப் பெரியவர்களை அழைத்துப்போய் அந்த வரிசையைக் கண்ணால் பார்க்கச் செய்தார். அவர்கள் ஒப்புதலோடு பேரரசருக்கு விண்ணப்பம் அனுப்பினார். மூன்று நாளில் அனுமதி வந்தது. புத்தாண்டுக்கு மறுநாள், 1911 ஜனவரி 31-ஆம் தேதி, எரியூட்டினார்கள். அன்று முதல் சாவு எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. எரித்ததால் மட்டுமே இறங்கிற்று என்று நான் சொல்லமாட்டேன். அதற்குள் அடைப்பும் கவசமும் ஒரு மாதம் வேலை செய்திருந்தன. மார்ச் 1-ஆம் தேதி ஹார்பினில் கடைசி நோயாளி. மஞ்சூரியா முழுவதும் 60,000 பேர் அளவில் இறந்திருந்தார்கள்.

ஏப்ரலில் முக்டென் நகரில் 11 நாடுகளின் நிபுணர்கள் கூடிய பிளேக் மாநாட்டுக்கு வூ தலைமை தாங்கினார். உலகப் புகழ்பெற்ற ஜப்பானிய விஞ்ஞானி கிட்டாசாட்டோவும் அந்த அவையில் இருந்தார். சொந்த நாட்டில் உதவி டாக்டர் வேலைக்கு மேல் தகுதியில்லை என்று நிறுத்தப்பட்டவர் அவர் என்பதை அந்த அவையில் எத்தனை பேர் அறிந்திருப்பார்களோ!

நோயின் வேரையும் அவர் விடவில்லை. மங்கோலியப் புல்வெளியில் வளை தோண்டி வாழும் தர்பகான் என்ற மர்மொட்டு வகைப் பிராணியின் தோலுக்கு அப்போது நல்ல விலை. பழைய வேட்டைக்காரர்கள் நோயுற்ற பிராணியைத் தொடமாட்டார்கள். விலையைக் கேட்டு ஓடிவந்த புதியவர்களுக்கு அந்த அறிவு இல்லை. அங்கே தொற்றி, நெரிசலான விடுதிகளில் பரவி, ரயிலேறி வந்தது நோய். மஞ்சூரியாவில் நிரந்தரப் பிளேக் தடுப்புச் சேவை ஒன்றை அமைத்தார். 1920-21-ல் அதே நோய் மறுபடி வந்தபோது இறந்தவர் 10,000-க்கும் குறைவு. நுரையீரல் பிளேக்கைப் பற்றி 1926-ல் அவர் எழுதிய நூலை உலக நாடுகள் சங்கம் வெளியிட்டது. 1935-ல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை.

சீனாவிலேயே மனைவியையும் மூன்று மகன்களில் இருவரையும் இழந்தார். 1937-ல் ஜப்பானியர் ஷாங்காயைத் தாக்கியபோது வீடும் போயிற்று. அறுபதை நெருங்கும் வயதில் மலாயா திரும்பி, ஈப்போவில் புரூஸ்டர் சாலையில் சாதாரண மருந்தகம் ஒன்றைத் திறந்து உட்கார்ந்தார். பதினொரு நாட்டு நிபுணர்களுக்குத் தலைமை தாங்கியவர், சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் மருந்து எழுதிக் கொடுத்தார். ஏழைகளிடம் பணம் வாங்குவதில்லை என்ற பெயரும் வந்தது.

ஜப்பானியர் ஆட்சியில் 1943-ல் காட்டில் இருந்த எதிர்ப்புப் படையினர் அவரைக் கடத்திப் பணம் கேட்டார்கள். பணம் கொடுத்து மீண்டால், எதிரிக்குப் பணம் கொடுத்ததாக ஜப்பானியர் குற்றம் சாட்டக் கிளம்பினார்கள். அவர் முன்பு சிகிச்சை செய்திருந்த ஒரு ஜப்பானிய அதிகாரியின் தலையீட்டால் தப்பினார்.

போருக்குப் பின் ஈப்போவுக்கு எல்லாரும் இலவசமாகப் புத்தகம் எடுத்துப் படிக்கும் நூலகம் வேண்டும் என்று, அந்த வயதில் தாமே நன்கொடை திரட்டினார். அப்படி எழுந்த பேராக் நூலகம்தான் இன்றைய துன் ரசாக் நூலகம். 1959-ல் பிளேக் போராளி என்ற பொருள்படும் தலைப்பில் தம் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஏறக்குறைய எண்பது வயது வரை மருந்தகத்தை மூடவில்லை. ஓய்வுக்காகப் பினாங்கில் வீடு வாங்கிப் போய்ச் சேர்ந்த சிறிது காலத்திலேயே, 1960 ஜனவரி 21-ஆம் நாள் பக்கவாதம் தாக்கி இறந்தார். ஈப்போ கார்டன் பகுதியில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. பினாங்கில் அவர் படித்த பள்ளிக்கு அருகே ஒரு குடியிருப்புப் பகுதிக்கும் அவர் பெயர்தான்.