குமாரமங்கலம் தந்த கிரிக்கெட் தலைவர்

ஆடுகளத்தில் நூறு ஓட்டம் குவித்தவனை ஊரார் நன்கறிவர். அவ்வாட்டம் முறையாக நிகழுமாறு சங்கம் அமைத்து, பந்தயங்களை வகுத்து, பிணக்குத் தீர்த்தவனை அறிவார் சிலரே. அத்தகைய பணி புரிந்தோருள் ஒருவர் நம் சேலம் நாமக்கல் சமவெளியில் தோன்றியவர். அவரே டாக்டர் ப. சுப்பராயன். அவரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தில் 1889 செப்டம்பர் 11இல் அவர் பிறந்தார். வானம் பார்த்த புன்செய்கள் மிகுந்த நாடு அது. சென்னை மாநிலக் கல்லூரியிலும், பின்னர் ஆக்ஸ்போர்டு வாதம் கல்லூரியிலும் கற்றுத் தேர்ந்தார். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதன் மந்திரியாக விளங்கினார். அரசாங்க உத்தியோகங்களை எல்லா வகுப்பாருக்கும் பங்கிட்ட ஆணை அவரது மந்திரிசபைக் காலத்திலேயே செயற்பட்டது.

அந்நாளில் கிரிக்கெட் எந்நிலையில் இருந்தது? 1846இல் தோன்றிய சென்னைக் கிரிக்கெட் கிளப் ஐரோப்பியருக்கே உரியதாயிருந்தது. இந்தியர் ஆடுதற்பொருட்டு 1888இல் புச்சி பாபு நாயுடு தனிக் கழகம் கண்டார். பொங்கற் காலத்தில் இரு சாராரும் எதிரெதிர் நின்று ஆடினரேயன்றி, இருவர்க்கும் பொதுவான ஆட்சி இல்லை. இக்குறை நீங்க 1930களில் சென்னைக் கிரிக்கெட் சங்கம் உருவாயிற்று. அதன் தொடக்க காலத்தில் தலைமை தாங்கியவர் சுப்பராயன். ஆங்கிலேயரோடும் நம்மவரோடும் ஒருங்கே பழக வல்லவராதலின், அப்பதவி அவருக்கு இயல்பாய்ப் பொருந்தியது எனக் கருதுகின்றோம். இன்றைய தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் அதன் வழித்தோன்றலே.

1938 முதல் 1946 வரை இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவராகவும் அவர் வீற்றிருந்தார். உலகப் போர் மூண்ட அவ்வாண்டுகளில் அயல்நாட்டுப் பயணங்கள் தடைப்பட்டன. எனினும் ரஞ்சிக் கோப்பைப் பந்தயம் ஓராண்டும் நிற்கவில்லை. அதே காலத்தில் பம்பாயில் மத அடிப்படையில் ஐந்து அணிகள் மோதும் போட்டியும் நடைபெற்றது. அதனைக் காந்தியடிகள் 1940இல் கண்டித்தார். 1946இல் அது முடிவுற்றது. அப்போட்டியில் கிறிஸ்தவரான விஜய் ஹஸாரே ‘ஏனையோர்’ என்னும் அணியிலேயே ஆட நேர்ந்தது. அப்பெயரை நினைக்குந்தோறும் நம் உள்ளம் வருந்துகின்றது. ரஞ்சிக் கோப்பையிலோ நிலை வேறு. 1934 நவம்பர் 4இல் சேப்பாக்கத்தில் நிகழ்ந்த அதன் முதல் ஆட்டத்தில் சென்னைக்காகச் சீக்கியரான ராம்சிங் பதினொரு விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆங்கிலேயரான ஜான்ஸ்டனும் அதே அணியில் ஆடினார். ஆடுபவனின் குலமும் மதமும் வினவாது, அவன் எம் மாகாணத்தான் என்று மட்டும் வினவுவதே சங்கத்தின் அறம்.

பிற்காலத்தில் இந்தோனேசியாவில் இந்தியத் தூதராகவும், மத்திய மந்திரியாகவும், மகாராஷ்டிர ஆளுநராகவும் பணியாற்றி, ஆளுநர் பதவியில் இருக்கையிலேயே 1962 அக்டோபர் 6இல் அவர் மறைந்தார்.

எனினும் சங்கம் தலைநகரில் இருக்க, நம் சிற்றூர் இளைஞர் தொலைவில் இருந்தனர். குலமும் மதமும் தடுக்காதவனை வழித்தொலைவு தடுப்பின் அவ்வறம் நிறைவெய்துமோ? சேலத்தை அடுத்த சின்னப்பம்பட்டி நடராசன், சென்னைக்குச் சென்று லீக் பந்தயங்களில் ஆடிய பின்னரே வெளியுலகிற்குத் தெரிந்தார். 2020 டிசம்பரில் கான்பெராவிலும், அடுத்த திங்களில் பிரிஸ்பேனிலும் இந்தியாவுக்காக அவர் பந்து வீசினார். 2020இல் வாழப்பாடியிலேயே நல்லதோர் ஆடுகளமும் திறக்கப்பட்டது. இனி வரும் இளைஞன் தன் ஊருக்கு அருகிலேயே ஆடிக் கண்டறியப்படுவானாயின், குமாரமங்கலத்துப் பெரியார் தொடங்கிய பணி அவர் பிறந்த மண்ணையும் வந்தடைந்தது என்று நாம் மகிழலாம்.